கொம்பேறி மூக்கனும் நாகதாளியும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலை சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்றுதான் செயலாளர் அண்ணாச்சி கேட்டார். பாம்பைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "குடும்பத்தோட வாராங்கப்பா, பாத்துப் பேசு" என்றார். பாத்துத்தான் பேசப் போகிறேன். நான் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். பாம்புக்கும் என் வேலைக்கும் சம்பந்தம் உண்டு. அது பின்னால் வரும்.

எல்லாப் பாம்பையும் பற்றி இல்லை. இரண்டே சங்கதி. ஒன்று மரத்தில் ஏறுகிற பாம்புகள். இன்னொன்று பாம்பின் பேரைத் தூக்கிக்கொண்டு நிற்கிற செடிகள். தூத்துக்குடிச் சீமையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இரண்டிலும் பேர் ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். அந்த இடைவெளியில் எங்கள் வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் கொம்பேறி மூக்கன். இங்கே இருக்கிற பாதிப் பேர் இந்தக் கதையைக் கேட்டுத்தான் சோறு தின்றிருப்பீர்கள். கடித்துவிட்டு அது ஓடிப் போகாதாம். சுடுகாட்டுப் பக்கம் போய், உயரமான மரத்தில் உச்சிக் கொம்பு வரை ஏறி, கடிபட்டவன் சிதையிலிருந்து புகை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குமாம். எங்க ஆச்சி இதை நேரில் பார்த்த மாதிரியே சொல்லுவாள். 1984-இல் இந்தப் பேரிலேயே ஒரு சினிமாவும் வந்தது. அதற்குப் பிறகு கதைக்கு இன்னும் பலம் கூடிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பையன், கடற்கரையோரக் குடும்பம், அவர்கள் வீட்டில் புதைக்கிற வழக்கம். அவன் ஆச்சியிடம் கேட்டான்: "அப்ப எங்களைக் கடிச்சா அது என்ன ஆச்சி செய்யும்? புகை வராம மரத்துலயே கெடந்து செத்துருமா?" ஆச்சி அவனுக்குப் பதில் சொல்லவில்லை, முறுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

விஷயம் என்னவென்றால், கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது. ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. முதுகில் தலையிலிருந்து வால் வரை வெண்கல நிறத்தில் ஒரு பட்டை ஓடும். பகலில் நடமாடும். பல்லி, ஓணான், தவளை, சில நேரம் கூட்டில் இருக்கிற குஞ்சு, முட்டை, இதுதான் சாப்பாடு. மிரண்டால் உடம்பை உப்பிக் காட்டும். அப்போது செதில்களுக்கு நடுவில் நீலம் தெரியும். அறிவியலில் அதற்கு வைத்திருக்கிற பேரில் இரண்டாம் பாதி 'டிரிஸ்டிஸ்'. லத்தீனில் சோகமானது என்று அர்த்தம். நாம் சொல்லுகிற கதையைக் கேட்டால் சோகப்படத்தான் செய்யும்.

ஏறுகிற வித்தையைப் பொறியாளர் கண்ணோடு பார்க்க வேண்டும். இதன் வயிற்றுச் செதில்களில் இரண்டு ஓரத்திலும் மடிப்பு மாதிரி ஒரு விளிம்பு உண்டு. மரப்பட்டையின் சொரசொரப்பில் அந்த விளிம்பு கவ்விக்கொள்ளும். பனையேறிகள் காலில் தளைநார் மாட்டிக்கொண்டு மரத்தைக் கவ்வுகிற அதே காரியத்தை இது தோலிலேயே வைத்திருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் இதயம் இருக்கிற இடம். நாம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது முதலில் என்ன பார்க்கிறோம்? எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்றுதானே. பாம்புக்கும் அதே கணக்கு. செங்குத்தாக மரத்தில் ஏறும்போது ரத்தம் முழுவதும் வால் பக்கம் இறங்கப் பார்க்கும். தலைக்கு ரத்தம் போகாவிட்டால் மயங்கி விழ வேண்டியதுதான். ஆகவே மரப்பாம்புகளுக்கு இதயம் தலைக்குக் கிட்டத்தில் அமைந்திருக்கிறது. உடம்பும் ஒல்லியாக, தோல் இறுக்கமாக இருக்கும், ரத்தம் கீழே போய்த் தேங்காமல் இருக்க. கடல் பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் வெளியிலிருந்தே அழுத்தம் தாங்கிப் பிடிப்பதால் அதற்கு இந்தக் கவலை இல்லை. இதயம் நடு உடம்பை நோக்கித் தள்ளி இருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹார்வி லில்லிவொயிட் என்ற உடலியல் அறிஞர் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். பனங்காட்டில் ஒரு வடிவமைப்பு, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மன்னார் வளைகுடாவில் இன்னொரு வடிவமைப்பு. பம்பை எங்கே வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் ஆய்வுக்கூடத்தில் கிடைத்ததில்லை. (முன்வரிசையில் சார் சிரிக்கிறார், எனக்குத் தெரிகிறது.)

அடுத்தது பச்சைப்பாம்பு. நம் பக்கம் கண்கொத்திப் பாம்பு என்போம். வேலியில் படர்ந்த கோவைக்கொடியோடு கொடியாகக் கிடக்கும். காற்று அடித்தால் கொடி ஆடுகிற மாதிரியே தானும் ஆடும். கூர் மூக்கு. கண்ணின் பாப்பா நம்மைப் போல் வட்டமில்லை, பூனை மாதிரி நெட்டுக்குத்தாகவும் இல்லை. படுக்கைவசமாக, சாவித் துவாரம் மாதிரி இருக்கும். கண்ணுக்கு முன்னால் மூக்கு வரை இரண்டு பக்கமும் ஒரு பள்ளம் ஓடுகிறது. துப்பாக்கியில் குறி பார்க்கிற பள்ளம் மாதிரி. அதனால் இரண்டு கண்ணாலும் சேர்ந்து முன்பக்கம் பார்க்கவும், இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கவும் அதற்கு முடிகிறது. விஷம் கொஞ்சம் உண்டு, ஆனால் அது பின்பல்லில் இருக்கிறது. ஓணானுக்குப் போதும், நமக்குக் கொஞ்சம் வீக்கம், கடுப்பு, அவ்வளவே. முட்டையிடாது, குட்டி போடும்.

கண்ணைக் கொத்துமா? தோட்டத்தில் குனிந்து செடியை விலக்குகிறவனுக்கு முகம் இருக்கிற உயரத்தில்தான் அது இருக்கும். சீண்டினால் முகத்துக்கு நேராகத்தான் வரும். அதிலிருந்து கிளம்பின பேராக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் இந்தப் பேர் போன தூரம் இருக்கிறதே, அது பெரிய கதை. கடலுக்கு அந்தக் கரையில் சிங்களவர்களும் இதே பாம்புக்கு இதே அர்த்தத்தில்தான் பேர் வைத்திருக்கிறார்கள்: அஹேதுல்லா, அதாவது கண்ணைப் பிடுங்கி. அந்தச் சிங்களச் சொல்லே ஐரோப்பியர் காதில் விழுந்து புத்தகத்துக்குப் போய், இன்று உலகம் முழுவதும் இந்த இனத்துக்கு அறிவியல் பேர் 'அஹேதுல்லா'. இதில் ஒரு கூத்தும் நடந்தது. 1758-இல் லின்னேயஸ் இந்தப் பேரைத் தன் புத்தகத்தில் ஏற்றினாரல்லவா, அது கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது தென் அமெரிக்காவில் இருக்கிற ஒரு பச்சை மரப்பாம்புக்கு. இலங்கைக்காரன் தன் தோட்டத்துப் பாம்பை வைதபேர் அமேசான் காட்டுப் பாம்பின் தலையில் இன்றைக்கும் இருக்கிறது!

2020-இல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து இந்தப் பச்சைப்பாம்புகளைப் பிரித்தார்கள். அதுவரை இங்கேயும் இலங்கையிலும் இருப்பது ஒன்றே, 'அஹேதுல்லா நாசுட்டா', என்று இருந்தது. இப்போது அந்தப் பேர் இலங்கைப் பாம்புக்கு மட்டும். நம் சமவெளிப் பாம்புக்கு 'அஹேதுல்லா ஆக்ஸிரிங்கா'. நாசுட்டா என்றால் மூக்கன். ஆக்ஸிரிங்கா என்றால் கூர்மூக்கன். எப்படிச் சுற்றினாலும் மூக்கில்தான் வந்து நிற்கிறார்கள்.

மூக்கு என்றதும் செடிக்கு வந்துவிடலாம். வீட்டுக் கொல்லையில் நாகமல்லி வைத்திருப்பீர்கள், படர்தாமரைக்கு இலையை அரைத்துப் போடுவார்கள். அதன் தாவரவியல் பேர் 'ரைனகாந்தஸ் நாசுட்டஸ்'. முதல் சொல்லிலும் மூக்கு, இரண்டாவதிலும் மூக்கு. தமிழன் பூவைப் பார்த்துப் பாம்பு என்றான், ஐரோப்பியன் அதே பூவைப் பார்த்து மூக்கு என்றான். 2020 வரைக்கும் பாம்புக்கும் பூவுக்கும் ஒரே அடைமொழி.

நாகப்பழம் என்று நம் ஊர்ச் சந்தையில் கூவி விற்பதற்கும் நாகத்துக்கும் சம்பந்தம் இல்லை. நாவல்தான் வாய்க்குள் புரண்டு நாகமானது. புடலங்காய்க்கு இங்கிலீஷில் பாம்புக்காய் என்றே பேர். நாமோ அது சுருண்டுவிடக் கூடாதென்று நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவோமே தவிர, பாம்பை நினைத்ததே இல்லை. நினைத்திருந்தால் கூட்டு இறங்காது.

நம் நூலகத்துக்குப் பின்னால் நிற்கிற நாகலிங்க மரத்தடியில்தான் பாதிப் பேர் பரீட்சைக்குப் படித்தோம், மீதிப் பேர் படிக்காமல் உட்கார்ந்திருந்தோம். மேலே ஐந்து தலை நாகம் படம் விரித்தாற்போல, அடியில் சிவலிங்கம். கோயில் கோயிலாக வைத்திருக்கிறோம், ஆதி காலத்து மரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தென் அமெரிக்கா, கயானாப் பக்கத்து மரம். 'கயானென்சிஸ்' என்று பேரிலேயே ஊர் இருக்கிறது. நாம் படம் என்று சொல்கிற அந்த வளைவு மகரந்தக் காம்புகள் சேர்ந்த ஒரு பட்டை. வண்டுக்கு அதில் தீனி. விதை பிடிக்க வைக்கிற மகரந்தம் அடியில் இருக்கிற வளையத்தில். இலங்கையில் இதே மரத்தைப் புத்தருக்குரிய சால மரம் என்று விகாரைகளில் வளர்க்கிறார்கள். வந்த இடத்தில் ஒரு கரையில் சைவம், மறு கரையில் பௌத்தம். பிழைக்கத் தெரிந்த மரம்.

நாகதாளி இன்னும் பெரிய ஆள். சப்பாத்திக்கள்ளி என்றும் சொல்வோம். தட்டுத் தட்டாக நாகம் படமெடுத்தது போல நிற்பதால் நாகதாளி. தேரிக்காட்டோரம், ரயில் தண்டவாளத்தோரம் பார்க்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தச் சிவப்புப் பழத்தைத் தரையில் தேய்த்து முள்ளை எடுத்து, உள்ளே நட்சத்திர முள் இருக்கிறதா என்று பார்த்துத் தின்று, வாயெல்லாம் ரத்தச் சிவப்பாக வீட்டுக்குப் போய் அடி வாங்காதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான்.

கள்ளியின் மேல் வாழ்கிற பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு, 1795-இல் பிரேசிலிலிருந்து அந்தப் பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது நல்ல சாயப் பூச்சி இல்லை, அதன் பங்காளி. சாயம் தேறவில்லை. ஆனால் அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்க்கிறது என்று தெரிந்தது. 1836-38 வாக்கில் தென்னாட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கிருந்து 1860-களில் இலங்கைக்கும் போனது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியை அனுப்பிக் களையை ஒழித்த முதல் காரியம் உலகத்திலேயே இதுதான் என்று எழுதுகிறார்கள். நாகதாளி மட்டும் அந்தப் பூச்சிக்கு மசியவில்லை. காலியான இடத்தையெல்லாம் இது பிடித்துக்கொண்டது. விளைநிலம், மேய்ச்சல், ஊர் எல்லை எல்லாம் முள். பிறகு 1926-இல் வேறொரு பூச்சியை இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்தாறு வருஷத்தில் நாகதாளிக் காடுகள் வெள்ளைப் பஞ்சு பூத்தாற்போலப் பூச்சி பிடித்துச் சாய்ந்தன. இப்போது நாம் பார்ப்பது அந்தப் படுகளத்தில் தப்பின மிச்சம்.

ஆக, சிங்களப் பாம்புப் பேர் அமெரிக்காவுக்குப் போனது, அமெரிக்கச் செடி இங்கே வந்து தமிழ்ப் பாம்புப் பேர் வாங்கியது. துறைமுகம் என்றால் உப்பும் நிலக்கரியும் மட்டுமா ஏறி இறங்கும்?

இவ்வளவும் ரசிக்கிற சங்கதி. இனிமேல் சொல்வது அப்படியில்லை.

பாம்புப் பேர் கொண்ட செடிகளில் பெரும்பாலானவை பாம்புக்கடி மருந்தென்று பேர் வாங்கினவை. வேர் பாம்பு போல முறுக்கியிருந்தால் அது பாம்புக்கு மருந்து. உருவமே குணத்தைச் சொல்லும் என்று உலகம் முழுக்க நம்பினார்கள். அமெரிக்காவிலும் பாம்பு வேர் என்ற பேரில் பல செடிகள் உண்டு. சர்ப்பகந்தாவை எடுத்துக்கொள்வோம். வேர் பாம்பு போல நெளிந்திருக்கும். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்த அழுத்தத்துக்கு இது நன்றாகக் கேட்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் இதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். கீரிப்பூண்டு இன்னொன்று. பாம்போடு சண்டை போட்ட கீரி இதன் வேரைத் தின்றுதான் பிழைக்கிறது என்பார்கள். கீரி பிழைப்பது வேரினால் இல்லை. நாகத்தின் விஷம் போய் ஒட்ட வேண்டிய பூட்டு கீரியின் உடம்பில் கொஞ்சம் மாறி அமைந்திருக்கிறது, சாவி பொருந்துவதில்லை. ஆனால் அந்தப் பூண்டிலிருந்து காம்ப்டோதீசின் என்ற பொருள் கிடைக்கிறது. அந்தக் குடும்பத்து மருந்துகளைப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். ஆகவே மூலிகையை நான் குறை சொல்லவில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கேட்டது, புற்றுநோய்க்குக் கேட்டது. பேரில் இருக்கிற பாம்புக்கு மட்டும் கேட்கவில்லை.

சிலது கெடுதலே செய்யும். பாம்புக்கடிக்குக் கொடுக்கிற ஈஸ்வரமூலியும், நம் கரிசல் காட்டில் கிடக்கிற ஆடுதீண்டாப்பாளையும் ஒரே இனம். அந்த இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் வரிசையில் வைத்திருக்கிறது. ஆடு தீண்டாது என்று பேரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். நாம் ஆட்டுக்குச் சமமாகவாவது யோசிக்கலாம்.

2008-ஆம் வருஷம், நான் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் விடுதி அறைத் தோழர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் புரட்டாசியில் எங்கள் தெருவில் ஒருவரை, முருங்கை மரத்தில் காய் பறிக்கும்போது, பாம்பு கையில் கடித்துவிட்டது. மெல்லிசாக, நீளமாக, முதுகில் பட்டை போட்ட பாம்பு. கொம்பேறி மூக்கனே என்று ஊரே அலறியது. வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். பச்சிலைச் சாறு கொடுத்தார், மந்திரித்தார், வேப்பிலை அடித்தார். மறுநாள் காலையில் அவர் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். விஷமில்லாத பாம்பு கடித்தால் வேறென்ன நடக்கும்? ஆனால் வைத்தியர் பேர் ஏழு ஊருக்குப் பரவிவிட்டது. சுடுகாட்டுப் புகையைப் பார்க்கிற பாம்பையே தோற்கடித்தவர்!

அடுத்த மாதம், ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், உப்பளத்தில் வேலை. வரப்பில் நடக்கையில் காலில் கடித்தது சுருட்டை. ஒரு முழம் கூட இருக்காது. "இத்தனூண்டு பாம்பு. கொம்பேறி மூக்கனுக்கே மருந்து இருக்கு, இதுக்கு இல்லாமலா?" என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம். அதே வைத்தியர், அதே சாறு. காலில் கயிறு இறுக்கிக் கட்டியாயிற்று. ராத்திரி ஈறில் ரத்தம் கசிந்தது. "விஷம் வெளிய வருது" என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். விடியற்காலையில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிஷம் அசையாமல் வைத்தார். பிறகு சாய்த்துப் பார்த்தார். உறைந்திருக்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடியது. பெரியப்பா அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவருக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. மருந்து மேல் மருந்தாக ஏற்றினார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டு மூன்றாம் நாள் போய்விட்டார். வயது 29. எனக்கு முதல் செமஸ்டர் கட்டணம் கட்டினது அவர் உப்பளச் சம்பளம்.

அண்ணனைக் கொன்றது சுருட்டை என்று சொல்வது பாதிதான் சரி. முந்தின மாதம் விஷமில்லாத பாம்பு வாங்கிக் கொடுத்த பேரும் சேர்ந்துதான் கொன்றது. கொம்பேறி மூக்கனுக்கு விஷமில்லை என்று அந்தத் தெருவில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தால், அந்தச் சாற்றை நம்பி ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் எந்தப் பாம்பு எது என்பதை நான் பொழுதுபோக்காக நினைப்பதில்லை.

இந்தக் கரைக்கு இது புதுசும் இல்லை. முத்துக்குளித்துறையில் சுறா வாயைக் கட்டுகிற கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. அவர் மந்திரம் சொல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இதைக் குறித்திருக்கிறார், முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும் என்றும் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரச் சர்க்காரும் அவர்களை வைத்துக்கொண்டுதான் குளிப்பு நடத்தியது. சுறா எப்படியும் அபூர்வமாகத்தான் கடிக்கும். கடிக்காத நாளெல்லாம் மந்திரத்தின் கணக்கில் வரவு. 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. கணக்கு மட்டும் கரையேறி வந்துவிட்டது.

அதே கடற்கரை மீனவர்கள் அனுபவத்தில் கெட்டிக்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வலையில் சிக்கி வலையையே கடிக்கிற ஒரு கடல் பாம்புக்கு வலைக்கடியன் என்று பேர் வைத்தார்கள். அந்தத் தமிழ்ப் பேரே பழைய அறிவியல் புத்தகங்களில் அதன் பேராக ஏறியிருந்தது. உண்மையிலேயே கொடிய விஷம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை என்ற நாலுக்குத்தான் தயாராகிறது. கடல் பாம்பு அதில் இல்லை. அந்தப் பேரில் பொய்யே இல்லை, எச்சரிக்கைதான் இருக்கிறது.

மரத்திலும் செடியிலும் இருப்பதெல்லாம் சாது என்று நான் சொன்னதாக வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். மழை நாளில் சுருட்டையும் குத்துச்செடி மேல் ஏறும். அதைப் போலவே தோற்றத்தில் இருக்கிற பூனைப்பாம்பும் ஏறும். அது ராத்திரி ஆள், அதன் விஷம் நம்மை ஒன்றும் செய்யாது. விளக்கு வெளிச்சத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை.

பூனைப்பாம்புக்கு ஒரு சொந்தக்காரன் உண்டு, பழுப்பு மரப்பாம்பு. இப்போது என் வேலைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, கப்பல் சரக்கில் ஒளிந்து, பசிபிக் கடலில் குவாம் என்ற தீவுக்கு அது போய்ச் சேர்ந்தது. அங்கே அதைத் தின்ன ஆளில்லை. அந்தத் தீவின் பூர்வீகக் காட்டுப் பறவைகள் பன்னிரண்டில் பத்தை முடித்துவிட்டது. காரணம் என்னவென்று பல வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை; 1987-இல் ஜூலி சாவிட்ஜ் என்ற பெண்மணிதான் இந்தப் பாம்பைக் கைகாட்டினார். மரம் எது, மின்கம்பம் எது என்று அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. 1978-லிருந்து 1997 வரை 1600-க்கும் மேற்பட்ட தடவை அந்தத் தீவில் பாம்பால் மின்சாரம் போனது. நம்ம ஊரில் மின்சாரம் போனால் காக்காயைச் சொல்வோம், அங்கே பாம்பைச் சொல்கிறார்கள்.

நம் துறைமுகத்திலும் வெளிநாட்டு மரத்தடிகள் கப்பல் கப்பலாக இறங்குகின்றன. அதனால் குவாம் கதையை நான் கொஞ்சம் கவனமாகவே படித்தேன். அன்றாட வேலையில் எங்களுக்கு வருகிறது உள்ளூர்ப் பாம்புதான். பேனல் பெட்டிக்குள் சூடு. சூட்டுக்குப் பல்லி வரும். பல்லிக்குப் பாம்பு வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாம்பைக் கண்டால் கம்பியை எடுப்பார்கள். உள்ளே 415 வோல்ட் ஓடுகிற பெட்டியில் இரும்புக் கம்பி! பாம்புக்கு விஷமில்லை, கம்பிக்கு உண்டு. "அண்ணாச்சி, அடிக்காதிய, மெயினை அணைச்சிட்டுத் தள்ளி நில்லுங்க" என்று கத்திக் கத்தியே எனக்குப் பட்டப்பேர் பாம்பாட்டி. இப்போது எங்கள் ஆட்கள் கேபிள் நுழைகிற ஓட்டையெல்லாம் அடைத்து, உள் விளக்கைத் தேவைக்கு மட்டும் போட்டு, பாம்பு வந்தால் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்கிறார்கள். கொம்பேறி மூக்கன் என்றால் ஒரு சாக்கைப் போட்டு வேலிக்கு வெளியே விடுகிற அளவுக்கு இரண்டு பேர் தேறியிருக்கிறார்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம். பெரும்பாலும் கிராமத்து வீடுகளில், ஆஸ்பத்திரிக்கு வராமலே. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். நல்ல காரியம். விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிற இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து வடநெம்மேலியில் நடக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைத் தொட்டே பழகிய அவர்கள் பிடித்துக் கொடுக்கிற விஷத்தில்தான் நாம் பிழைக்கிறோம்.

உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. நாலு விஷப்பாம்பின் படமும், கொம்பேறி மூக்கன், பச்சைப்பாம்பு, பூனைப்பாம்பு படமும் போட்டு ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன். அடியில் பெரிய எழுத்தில் இருக்கும்: கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, மெட்டி, மோதிரம், கொலுசைக் கழற்று, கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து 108-ஐக் கூப்பிடு. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். கூடத்து வாசலில் மேசை மேல் இருக்கிறது. ஆளுக்குப் பத்துத் தாள் எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஊர் ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டுங்கள். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில்தான் மேசை இருக்கிறது, தப்ப முடியாது. இன்றைக்குப் புடலங்காய்க் கூட்டு உண்டு என்று கேள்விப்பட்டேன்.